பாலோ பாலமும் பட்டாளத்துப் பெட்டியும்

பாலோ ஸ்டேஷனுக்குத் தெற்கே ரப்பர் மரங்கள் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றாறு தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அதன்மேல் ரயில்வே ஓர் இரும்புப் பாலம் போட்டிருந்தது. வண்டியின் தலை அக்கரை சேர்ந்த பிறகும் வால் இக்கரையில் கிடக்கும், அவ்வளவு நீளம்தான். ஆனால் இதைத் தண்டவாளக் கூலிகளின் மேஸ்திரி லெட்சுமணன் மண்டோரிடம் சொல்லிவிட முடியாது. அவர் கணக்கில் ஜொகூரில் பேசத் தகுந்த பாலங்கள் இரண்டே. சிங்கப்பூருக்குப் போகும் கடல்பாலம் ஒன்று, அவருடையது ஒன்று. கடல்பாலத்தைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"அதெல்லாம் ஒரு பாலமா லா? கல்லக் கொண்டாந்து கடல்ல கொட்டி மேடு பண்ணி வச்சிருக்கான். அடியில தண்ணி ஓடணும், மேல வண்டி ஓடணும். அதுக்குப் பேருதான் பாலம்."

லெட்சுமணன் கப்பலேறி வந்தது ரயிலுக்காக அல்ல. பால்மரம் வெட்டத்தான் வந்தார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு ஒத்துவரவில்லை. தண்டவாள வேலையில் பெரட்டு கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி ரயில்வேக்கு ஓடினார். அங்கே அதைவிடச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போக முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார். இருந்த இடத்தில் இருந்தவனுக்குப் பதவி தேடி வரும் என்பார்கள். அவருக்கு வந்தது. ஒரு விசில், எஞ்சினியர் துரை போட்டுக் கழித்த ஒரு தொப்பி, கீழே வேலை செய்ய ஒரு கூட்டம் ஆள், எல்லாவற்றுக்கும் மேலாக, லைன் ஓரத்தில் தனி வீடு.

அந்த வீட்டின் அருமை அவர் மனைவி அங்கம்மாவுக்குத்தான் தெரியும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி இருமினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்படி இருந்தது. இங்கே தனிக் கிணறு, தனி அடுப்பங்கரை, உள்ளிருந்து போட்டுக்கொள்ளத் தாழ்ப்பாள். மண்டோர் வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் அன்று மாலையே சட்டி பானையைத் தூக்க வேண்டும். "நீங்க தொப்பி போடுங்க, விசில் ஊதுங்க, என்னமும் பண்ணுங்க. தாழ்ப்பாளுக்கு மட்டும் பங்கம் வராமப் பாத்துக்குங்க" என்பாள் அங்கம்மா.

ரயிலுக்கும் யுத்தத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்பது மண்டோருக்கு முதலில் தெரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்தில். அப்போது அவர் வெறும் கூலி. சிங்கப்பூரில் சிப்பாய்கள் கலகம் செய்துவிட்டார்கள் என்று வடக்கேயிருந்து துப்பாக்கிக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போனது. இவர் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சன்னல்தோறும் இளவட்ட முகங்கள், ஒரே பாட்டுச் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். திரும்பி வந்த வண்டியில் பாட்டு இல்லை. அதைப் பற்றி அவர் அதிகம் யோசிக்கவும் இல்லை. ரயில் என்றால் அரிசி வரும், ரப்பர் போகும், தபால் வரும். மகள் தனலெட்சுமிக்கு மாப்பிள்ளை தங்கராஜுவே அந்த வழியாகத்தான் வந்தான், எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு. இத்தனையும் ஒழுங்காக நடப்பது தன் பாலத்தால் என்பது மண்டோரின் தாழ்மையான கருத்து.

முப்பதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம் பட்டாளம் ஜொகூரில் போர்ப் பயிற்சி நடத்தியது. எதிரி யார் என்று வெளியே சொல்லவில்லை. ரகசியம். குளுவாங்கில் முடி வெட்டிக்கொண்டிருந்த ஜப்பான்காரரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பயிற்சிக்கு முதல் நாள் சரக்கு வண்டியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. கூட வந்த சிப்பாய்கள் அதைத் தண்டவாளக் கொட்டகையில், கடப்பாரைகளுக்கும் ஜாக்கிகளுக்கும் பக்கத்தில் வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், மண்டோரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இஞ்ச பாரும் மண்டோர். பட்டாளத்துச் சாமான். நாளைக்கு வந்து எடுப்பினம். திறக்கக் கூடாது. கவனமாய் வைச்சிரும்."

"உள்ள என்னாங்க ஐயா?"

"எனக்கும் சொல்லேல்லை. லைன் வேலைக்குத்தானாம்."

காவலுக்கு ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்று பட்டாளத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் ஆயுத பூசை என்பதும் பட்டாளத்தில் யாருக்கும் தெரியவில்லை.

ஆயுத பூசை மண்டோருக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. அன்றைக்குக் கொட்டகையில் உள்ள சாமான் அத்தனையும் சாமிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். கடப்பாரை, ஸ்பேனர், சுத்தியல், தள்ளுவண்டி, கொடி, விளக்கு எல்லாவற்றையும் கழுவி, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் விட்ட சாமான் கோபித்துக்கொள்ளும். இது கதை அல்ல, அனுபவம். போன வருஷம் ஒரு மண்வெட்டி கூரையோரம் செருகியிருந்ததை மறந்துவிட்டார்கள். மூன்றாம் வாரமே அது ஜெயபாலனின் கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. ஜெயபாலன் இன்றைக்கும் அந்த மண்வெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடுவான்.

அந்த ஜெயபாலன்தான் பெட்டியைப் பார்த்துக் கேட்டான்.

"மண்டோரே, இத என்னா செய்றது? பட்டாளத்துச் சாமானாச்சே."

மண்டோர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "லைன் வேலைக்குன்னு சொன்னாங்க. நம்ம கொட்டாயில இருக்கு. அப்ப நம்ம சாமான்தான். விட்டுட்டா யாரு காலப் பிடிக்குமோ, எவன் கண்டான்? தொடைங்கடா."

துடைத்தார்கள். திறக்கவில்லை, அந்த விஷயத்தில் சொன்ன சொல்லை மீறவில்லை. நாலு பக்கமும் பட்டை பட்டையாகத் திருநீறு. நடுவில் சந்தனம், குங்குமம். அங்கம்மா கட்டிக்கொடுத்த செவ்வந்தி மாலையில் நீளமானது எதுவோ அது பெட்டிக்குப் போனது, விருந்தாளி என்பதால். பெட்டி சதுரமாக, மேல்பக்கம் தட்டையாக, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. பூசைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆகவே சாமி படத்தை அதன்மேல் சாய்த்து வைத்தார்கள். கற்பூரத் தட்டையும் அதன்மேலேயே வைத்தார்கள்.

கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும்போது பட்டாளத்துத் துரை வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள். கூடவே கனகசபை. துரை கொட்டகை வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார்.

அவர் முகத்தில் இருந்த சிவப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயைத் திறந்தார். இங்கிலீஷில் ஒரு கத்தல் வந்தது; கனகசபைக்குப் புரிந்தது, மண்டோருக்குப் புரியவில்லை. அடுத்த நிமிஷம் துரை, சிப்பாய்கள், எல்லாரும் முகம் மண்ணில் பட நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டார்கள்.

மண்டோருக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏய், பாருங்கடா! வெள்ளைக்காரத் தொரைங்க விழுந்து கும்பிடுறாங்கடா! ஜெயபாலா, மணிய நல்லா அடி!"

ஜெயபாலன் மணியை நல்லா அடித்தான். இன்னும் இரண்டு கற்பூரக் கட்டி சேர்த்துப் போட்டார் மண்டோர். துரைமார் இவ்வளவு பக்தியாகக் கும்பிடும்போது தீபம் சீக்கிரம் அணைந்துவிட்டால் மரியாதையில்லை.

கனகசபை மட்டும் புழுதியில் வயிற்றால் ஊர்ந்து முன்னால் வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டில் பொத்தான்கள் தெறித்தன.

"அணையும் காணும்! அணையும்! உது வெடிமருந்து! பெட்டி முழுக்க வெடிமருந்து!"

மணி நின்றது. பொரித் தட்டைக் கையில் வைத்திருந்தவன் அப்படியே வைத்திருந்தான்.

"ஊதி அணையும் மனுசா!"

"சாமி வெளக்க வாயால ஊதக் கூடாதுங்க ஐயா" என்றார் மண்டோர்.

"கையால தட்டு!"

"அதுவும் கூடாதுங்க."

"அப்ப செத்துத் துலை!" என்று கனகசபை தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

அலமாக் என்று மலாயில் அலறும் ஒரே ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. சாவிளக்குக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்போல் எல்லாரும் அந்தக் கற்பூரத்தையே பார்த்தார்கள். இருந்த கட்டி போதாதென்று தன் கையாலேயே இரண்டு கட்டி கூடப் போட்டது மண்டோருக்கு நினைவு வந்தது. ஓடலாம். ஆனால் தீபம் எரியும்போது சாமிக்கு முதுகு காட்டக் கூடாது. தீ ஆடியது, குனிந்தது, பிறகு எழுந்தது. கடைசியில் தானாகவே ஒரு புகைக்கோடு விட்டு அணைந்தது. தட்டின் அடியில் பெட்டிப் பலகை கொஞ்சம் கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்ட துரைக்குப் பேச வேறு வார்த்தை கிடைக்கவில்லையோ என்னவோ, நெடுநேரம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கனகசபை அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் விசாரணை. பட்டாளத்துச் சாமானில் கை வைத்தது, அதன்மேல் நெருப்பு வைத்தது என்று குற்றம் சின்னதல்ல. அங்கம்மா அன்று காலை கஞ்சி வைக்கவில்லை. தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வாங்க. என்னா சொன்னாலும் சரின்னுட்டு வாங்க. உங்க பாலத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மண்டோர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். நடுவில் கனகசபை. அவர் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார்.

"உம்மைத் தண்டிக்கப் போறதில்லையாம்" என்று தொடங்கினார் கனகசபை. துரை நல்ல மனசுக்காரர் என்று மண்டோர் நினைத்தார். நல்ல மனசும் இருந்திருக்கலாம். ஆனால் தண்டிப்பதென்றால் நடந்ததை மேலே எழுத வேண்டும். எழுதினால் காவல் வைக்காமல் பெட்டியைக் கொட்டகையில் விட்டது யார் என்ற கேள்வி வரும். துரைக்கும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

பிறகு துரை நீளமாகப் பேசினார். வரைபடத்தில் ஒரு கோட்டை விரலால் வடக்கிலிருந்து தெற்கே இழுத்துக் காட்டினார்.

"இனி வாற சண்டை ரயிலாலதான் நடக்குமாம்" என்றார் கனகசபை. "ஆள், சோறு, பீரங்கி, எல்லாம் ரயிலில. ஆரிட்ட ரயில் இருக்கோ அவனிட்ட நாடு. ஆனபடியால், நாங்கள் பின்வாங்கினால் எதிரிக்கு ரயிலை விட்டிட்டுப் போகக் கூடாதாம். வீட்டை விட்டு ஓடேக்க அடுப்பை உடைச்சுப்போட்டு ஓடுறமாதிரி."

"சரிங்க ஐயா."

"அதுக்குத்தான் அந்தப் பெட்டி. பாலத்தை வெடி வைச்சுத் தகர்க்கப் பழகிறதுக்கு."

"எந்தப் பாலத்த?"

கனகசபை சன்னல் வழியாகத் தெற்கே கை காட்டினார். "உம்மட பாலத்தைத்தான்."

முந்தின நாள் கற்பூரம் எரிந்தபோதுகூட மண்டோர் இப்படி நிற்கவில்லை. சந்தனம் வைத்தோமே, என்றார். மாலை போட்டோமே. பெரிய மாலையா பாத்துப் போட்டோமே. யாரிடமும் சொல்லவில்லை, தொப்பியிடம் சொன்னதுபோல் இருந்தது.

"இப்ப இல்லை, இப்ப இல்லை" என்று கனகசபை அவசரமாகச் சொன்னார். "தேவை வந்தால் மட்டும். இப்ப தூணில குழி மட்டும் வெட்டி வைப்பினம். அந்தக் குழியில மண், எறும்பு, குளவிக்கூடு எதுவும் சேராமல் துப்புரவாய் வைச்சிருக்கிறது உம்மட பொறுப்பு. சம்பளத்திலயும் கொஞ்சம் கூட்டித் தருவினமாம். மண்டோர் வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். துரையைக் கும்பிடும்."

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்."

"வெடிக்கும்போது பாலத்துமேல வண்டி இருக்குமா?"

கனகசபை கேட்டார். துரை மலர்ந்த முகத்தோடு பதில் சொன்னார். எதிரியின் வண்டி மேலே இருக்கும்போது வெடித்தால் அதுதான் மிகச் சிறப்பாம்.

"அந்த வண்டிய ஓட்டுறது யாருங்க?"

"எதிரிதான்."

"எதிரி எங்கேருந்து ஐயா கரி அள்ளிப் போட ஆள் கொண்டாருவான்? கப்பல்லயா? ஸ்டேஷன்ல எவன் நிக்கிறானோ அவனப் பிடிச்சு ஏத்திவிடுவான். எஞ்சின்ல எங்க தங்கராஜு இருப்பான். பிளாட்பாரத்துல நீங்க கொடி காட்டுவீங்க. கீழ நான் ஓட்டையத் தொடச்சு வச்சிருப்பேன். தொரைகிட்ட சொல்லுங்க, என்னால முடியாது. வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். துரையிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். துரை எழுந்து வந்து மண்டோரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோளில் தட்டினார். போய்விட்டார்.

மண்டோர் குலுக்கப்பட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுன்னு சொன்னேன். கை குடுத்துட்டுப் போறாரே?"

"நீர் சொன்னீர். நான் சொல்லேல்லை."

"என்னா சொன்னீங்க?"

"ஓம், சரி எண்டு சொன்னன். பேந்தென்ன? உம்மட பெண்சாதி இண்டைக்கு இரவு எங்க படுக்கிறது? விசர்க்கதை கதைக்காமல் போய் வேலையைப் பாரும் காணும்."

அடுத்த வாரம் கல்தச்சர்கள் வந்து பாலத்தின் கல்தூண்களில் குழி வெட்டினார்கள். தூணுக்கு வலிக்குமோ என்று பார்ப்பவர்போல் மண்டோர் தள்ளி நின்றார். வீட்டில் அங்கம்மாவிடம் விவரம் சொல்லவில்லை. சம்பளம் கூடியதற்குக் காரணம் கேட்டபோது, ஓட்டை துடைக்கிற வேலை என்றார். துடைப்பதற்கெல்லாம் காசு தருகிறார்களே, நல்ல கம்பெனி என்றாள் அவள்.

ஆனால் அவர் துடைக்கவில்லை. துடைக்க மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. தினமும் பாலத்துக்குப் போவார், எப்போதும்போல ஆணி பார்ப்பார், கட்டை தட்டுவார், தூண் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார்.

"மண்டோரே, குழியில செவ்வெறும்பு ஏறிடுச்சு. குளவி வேற கூடு கட்டுது" என்பான் ஜெயபாலன்.

"கட்டட்டும். அதுங்களுக்கும் ஒரு வீடு வேணும்ல?"

"பட்டாளத்துக்காரன் வந்து பாத்தான்னா?"

"நேத்துத்தான் தொடச்சோம், இன்னிக்குக் கட்டிடுச்சுன்னு சொல்லு."

குளவிகளுக்கு ரயில்வேயின் எந்த உத்தரவும் தெரியாது. மழைக்காலத்தில் ஈர மண் ஏராளம். உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து அடைத்தன. மண்டோரும் சேர்ந்து அடைத்தார் என்று பாலோவில் சிலர் சொல்வார்கள். அவருடைய நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். ஆனால் அது தண்டவாள வேலை செய்யும் எவனுக்கும் இருப்பது. நாம் எதற்கு ஒரு மனிதர்மேல் பழி சொல்ல வேண்டும்?

மழை விட்ட பிறகு ஒரு நாள் வேறு துரை வந்தார். கைப்பிரம்பைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார். விரல் நீளம்கூட உள்ளே போகவில்லை. அடுத்த தூண். அதுவும் அப்படியே. இந்தத் துரைக்கு மறைக்க எதுவும் இல்லை. அதனால் கேள்விகளும் இல்லை. அன்று மதியமே லெட்சுமணன் மண்டோர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, ஆறு தாண்டிக் குளுவாங் பக்கத்தில் ஒரு கூலிக் கூட்டத்துக்கு மாற்றப்பட்டார். அவர் சொன்னது அன்றைக்குத்தான் இங்கிலீஷில் போய்ச் சேர்ந்தது.

விசிலையும் தொப்பியையும் ஜெயபாலனிடம் கொடுத்தார். ஜெயபாலன் வாங்க மாட்டேன் என்று அழுதான், பிறகு வாங்கிக்கொண்டான். கனகசபை ஸ்டேஷன் கதவருகே நின்று, "ஒரு ஓம் சொல்லி வாங்கித் தந்த வாழ்வை ஒரு குளவியிட்ட குடுத்திட்டீரே" என்று திட்டினார். திட்டிவிட்டு, சாமான் ஏற்றிப் போக ரயில்வே தள்ளுவண்டியைச் சட்டத்துக்கு விரோதமாகக் கொடுத்தார்.

சட்டி, பானை, பாய், சாமி படம் எல்லாம் தள்ளுவண்டியில் ஏறின. அங்கம்மா தாழ்ப்பாளைக் கடைசியாக ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்தாள். கோபத்தில் தள்ளுவண்டிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாலம் வந்தது. அங்கே நின்றுவிட்டாள். நடந்தது எல்லாம் அன்று காலைதான் ஊரே சேர்ந்து அவளிடம் சொல்லியிருந்தது.

"இதுக்குள்ளயா வைக்கப் போறாங்க?"

"வச்சா வைப்பாங்க."

"இப்ப ஒண்ணும் இல்லியே உள்ள?"

லெட்சுமணன் கரையில் இறங்கி, முதல் தூணின் குழியில் விரலை விட்டுக் காட்டினார். "மண்ணுதான். பாரு, குளவிக்கூடு. ஒண்ணும் இல்ல, வா."

அவள் வரவில்லை. இருபது வருஷமாகத் தண்ணீர்க் குடத்தோடும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும், மழையிலும் வெயிலிலும் அதைக் கடந்தவள். முதல் கட்டையில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு முடியலங்க. கால் வைக்க வரமாட்டேங்குது."

அவர் அவளைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். தெற்கே போகும் வண்டி வர இன்னும் நேரமிருந்தது. பாலம் தன்பாட்டுக்கு வெயிலில் நின்றது, ஓர் ஆணிகூடத் தளராமல். மற்றச் சாமானைப் பிறகு வந்து எடுக்கலாம் என்று அவர் தள்ளுவண்டியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி ஓரமாகப் போட்டார். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். அங்கம்மா பானையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் இறங்கினாள்.

"வழுக்குமா?"

"வழுக்கும். என் தோளப் பிடிச்சுக்க."

அப்படியே பாலத்துக்குப் பக்கத்திலேயே, அதன் நிழல் தங்கள்மேல் விழாத பக்கமாகப் பார்த்து, கடந்து போனார்கள்.